ராஸி எராஸ்மஸ்: தந்திரங்களைத் தள்ளி வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன?

லைன்அவுட் லிங்கம்:

தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் பயிற்சியாளர் எராஸ்மஸ் பேச்சை எடுத்தாலே நம்மில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரு கட்சிக்கு அவர் மேதை, இன்னொரு கட்சிக்கு விதிகளில் சந்துபொந்து தேடும் ஆசாமி. இரண்டு கட்சியும் அவர் சைகைக்குக் காட்டும் வண்ண விளக்கையும், மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்காரும் ஏழு ஃபார்வர்டுகளையும் (முட்டி மோதும் கனமான ஆட்கள்) பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. மனிதர் 36 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) ஆடிய ஃப்ளாங்கர் என்பதை யாருமே எடுப்பதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

1972-இல் ஈஸ்டர்ன் கேப்பில் டெஸ்பாட்ச் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சென்டராக ஆடிய டேனி ஜெர்பரும் அந்த ஊர்க்காரர்தான். முதல் டெஸ்ட் 1997-இல், எல்லிஸ் பார்க்கில் லயன்ஸுக்கு (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணி) எதிரான மூன்றாவது ஆட்டம். தொடர் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது, அந்த ஆட்டத்தை மட்டும் தென்னாப்பிரிக்கா 35-16 என்று எடுத்தது. அப்புறம் தொடர்ச்சியாக 17 டெஸ்ட் வெற்றி (முதலாவது தவிர மீதி எல்லாம் நிக் மாலட்டின் பயிற்சியில்), ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு ஆடும் ட்ரை நேஷன்ஸ் தொடரின் 1998 பட்டம், 1999 உலகக் கோப்பை. அரையிறுதியில் ஸ்டீபன் லார்க்கம் அடித்த டிராப் கோலும் கூடுதல் நேரத்தில் ஆஸ்திரேலியா 27-21 என்று வென்றதும் பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது. 2001-க்குப் பிறகு டெஸ்ட் கிடையாது. 2004-இல் ஃப்ரீ ஸ்டேட் மாகாண அணியான சீட்டாஸின் பயிற்சியாளர். 2005-இல் உள்நாட்டுக் கரி கோப்பை. 1976-க்குப் பிறகு ஃப்ரீ ஸ்டேட் அந்தக் கோப்பையைத் தொட்டது அப்போதுதான், அதுவும் புல்ஸை அவர்கள் சொந்த மைதானமான லாஃப்டஸில் வீழ்த்தி.

ஃப்ளாங்கரின் வேலை என்ன? டாக்கிள் போட்டு (பந்தோடு வருபவரைப் பிடித்து) விழுவது, எழுவது, ரக்கில் (விழுந்தவர் மேல் இரு அணியும் முட்டும் குவியலில்) பந்துக்குக் கை நீட்டுவது, அடுத்த டாக்கிளுக்கு ஓடுவது. இதில் பாதி ஸ்கோர்போர்டில் வராது, டிவி கேமராவும் காட்டாது. கண்ணில் படாத இந்த உழைப்புக்கு மதிப்பெண் போடுவதுதான் அவருடைய பயிற்சியின் அடிப்படை என்பது என் கட்சி. விளக்கு, பெஞ்ச் எல்லாம் அதற்கு மேல் வந்தவை. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

பழைய பிராப்:

வந்துவிட்டேன். லிங்கம், ஆட்டக்காரராக இருந்ததால்தான் நல்ல பயிற்சியாளர் ஆனார் என்று நீங்கள் கொண்டுபோய் முடிப்பீர்கள் என்று தெரிகிறது. அதை முளையிலேயே கிள்ளிவிடுகிறேன்.

2023 வரை உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர்களைப் பாருங்கள்: லோக்கோர், டுவையர், கிட்ச் கிறிஸ்டி, மக்வீன், வுட்வர்ட், ஜேக் வைட், கிரஹாம் ஹென்றி, ஹேன்சன், எராஸ்மஸ், நீனாபர். பத்துப் பேரில் டெஸ்ட் ஆடியவர்கள் லோக்கோர், வுட்வர்ட், எராஸ்மஸ் மூவர் மட்டும். நீனாபர் பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கியவர். மறுபக்கம் மார்ட்டின் ஜான்சன். 2003-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன், 2008-இல் பயிற்சி அனுபவமே இல்லாமல் இங்கிலாந்து அணியைக் கையில் எடுத்தார். 2011 காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்று வெளியேறியதோடு பதவியும் போயிற்று. ஜான்சனைவிடவா எராஸ்மஸ் பெரிய ஆட்டக்காரர்?

லைன்அவுட் லிங்கம்:

இல்லை, பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லையே. நன்றாக ஆடியது வேறு, ஆடும்போதே என்ன கவனித்தார் என்பது வேறு. மற்றவர்கள் ஜிம்முக்குப் போன நேரத்தில் கணினியில் ஆட்டங்களை வெட்டிப் பிரித்துப் பார்ப்பவர் என்று ஆடுகிற காலத்திலேயே பெயர் வாங்கியவர் அவர். ஜான்சன் ஓய்வுக்கும் இங்கிலாந்து பதவிக்கும் நடுவில் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. எராஸ்மஸ் சீட்டாஸ், ஸ்டார்மர்ஸ், தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத்தின் உயர்திறன் பிரிவு, அயர்லாந்தின் மன்ஸ்டர் என்று சுற்றி வந்து 2018-இல்தான் ஸ்ப்ரிங்பாக்ஸ் (தென்னாப்பிரிக்க தேசிய அணி) பொறுப்பை ஏற்றார். பதினான்கு வருடம்.

நீனாபர் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. எராஸ்மஸ் போன இடமெல்லாம் அவரும் கூடவே போனார். பிசியோவாக இருந்தவரைத் தடுப்பாட்டப் பயிற்சியாளராக வளர்த்தெடுத்தது இந்த ஆட்டக்காரர்தான். யாரிடம் என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற கண் அது.

புது ரசிகை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் 2023 உலகக் கோப்பையில் இருந்துதான் ரக்பி பார்க்கிறேன். "பாம் ஸ்க்வாட்" என்கிறார்களே, அதில் அப்படி என்ன புதுமை? எல்லா அணியும் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கத்தானே செய்கிறது?

பழைய பிராப்:

நல்ல கேள்வி அம்மா. இது என் இலாகா, நான் சொல்கிறேன்.

பெஞ்சில் எட்டுப் பேர். வழக்கமாக ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக் (பின்னால் நின்று ஓடுபவர்கள்). பேக்குகளில் யாருக்காவது அடிபட்டால் சமாளிக்க மூன்று பேராவது வேண்டும் என்பது எல்லோரும் வைத்திருந்த கணக்கு. 2019-இல் எராஸ்மஸ் அதை ஆறுக்கு இரண்டு ஆக்கினார். ஐம்பது நிமிடம் ஸ்க்ரம்மில் (இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளுவது) முட்டி மோதி, எதிரணி பிராப்பின் (ஸ்க்ரம் முன்வரிசையின் ஓரத்து ஆள்) கழுத்தும் தொடையும் கழன்று கிடக்கும் நேரத்தில், அதே தரத்தில் புது ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த வேதனை பட்டவனுக்குத்தான் தெரியும். முன்னால் இருக்கும் ஆள் இழுக்கும் மூச்சிலேயே புது ஆள் என்று தெரிந்துவிடும், அடுத்த ஸ்க்ரம்மில் கால் பின்னால் வழுக்கும்.

2019 உலகக் கோப்பையின் யோகோஹாமா இறுதியாட்டத்தைத் திரும்பப் பாருங்கள். இங்கிலாந்தின் பிராப் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடமே தலையில் அடிபட்டு வெளியே போனார். மீதி ஆட்டம் முழுக்க டான் கோல் ஒருவரே அந்தப் பக்கத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. எதிரே முதலில் "பீஸ்ட்" முட்டவாரிரா. அவர் களைத்ததும் வந்து நின்றது கிட்ஷாஃப். டான் கோலின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஸ்க்ரம்மில் பெனால்டி மேல் பெனால்டி. ஹாண்ட்ரே போலார்ட் ஆறு பெனால்டி, இரண்டு கன்வர்ஷன் (ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் உதை) என்று 22 புள்ளி எடுத்தார். மப்பிம்பி, கோல்பி ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பது) எல்லாம் கடைசி கால் மணி நேரத்தில், இங்கிலாந்துக்கு நாக்குத் தள்ளியபிறகு. 32-12.

ஆக, எண்ணிக்கையில் புதுமை கொஞ்சம்தான். பெஞ்சில் உட்காருவதைத் தண்டனையாக நினைத்த ஆட்களை, அங்கே உட்காருவதே பெருமை என்று நினைக்க வைத்தாரே, அதுதான் விஷயம். மால்கம் மார்க்ஸ் அப்போது உலகின் முதல் இரண்டு மூன்று ஹூக்கர்களில் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடு ஆள்) ஒருவர். அவரே முணுமுணுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் காலத்தில் நல்ல ஹூக்கரை பெஞ்சில் வைத்தால் ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டார்.

ஓரத்து விங்கர்:

பிராப் அண்ணன் ஸ்க்ரம் என்றால் கவிதை எழுதுவார் :) பேக்குகள் சார்பில் ஒரு வார்த்தை. 2023 இறுதியாட்டத்தில் ஏழுக்கு ஒன்று என்று வைத்தது சுத்தச் சூதாட்டம். பெஞ்சில் இருந்த ஒரே பேக் வில்லி லே ரூ. ஸ்க்ரம்-ஹாஃப் ஃபாஃப் டி கிளெர்க்குக்கு அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதைவிட ஹூக்கர் கதை. தொடரின் நடுவில் மார்க்ஸுக்கு முட்டியில் அடி, வீட்டுக்குப் போனார். ஒரு ஹூக்கருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரைத்தான் யாரும் அழைப்பார்கள். இவர்கள் அழைத்தது பேக்கான ஃப்ளை-ஹாஃப் போலார்டை! இறுதியாட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே எம்போனாம்பிக்கு அடி. மீதி ஆட்டம் முழுக்க 37 வயது டியான் ஃபோரி ஹூக்கராக நின்றார். முன்பு ஹூக்கர் ஆடியவர்தான், ஆனால் அணிக்கு அவர் வந்தது ஃப்ளாங்கர் கணக்கில். லைன்அவுட் (ஓரக் கோட்டிலிருந்து ஹூக்கர் பந்தை எறிவது) தடுமாறியது, எல்லோரும் பார்த்தோம். 12-11 என்று தப்பித்தார்கள். ஒரு புள்ளி மாறியிருந்தால் இன்று இந்த இழையில் எராஸ்மஸைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்போம்.

லைன்அவுட் லிங்கம்:

ஒரு புள்ளி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, இறுதி 12-11. மூன்றும் ஒரு புள்ளி. அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் காலிறுதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பிரான்ஸின் இரண்டாவது ட்ரைக்குப் பிறகு தோமா ராமோஸ் கன்வர்ஷனுக்கு நிற்கிறார். உதைப்பவர் காலை எடுத்து வைத்ததும் கோல் கோட்டிலிருந்து ஓடி வந்து தடுக்கலாம் என்று விதி இருக்கிறது. யாரும் அதை மனதார முயல்வதில்லை, சடங்குக்கு நாலடி ஓடிவிட்டு நின்றுவிடுவார்கள். செஸ்லின் கோல்பி கோட்டில் குனிந்து ராமோஸின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் அசைந்த கணத்தில் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். இரண்டு புள்ளி போயிற்று. ஆட்டம் முடிந்தது ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

நான் முதல் பதிவில் சொன்னது இதைத்தான். அணிக் கூட்டங்களில் எராஸ்மஸ் போட்டுக் காட்டும் வீடியோ துண்டுகளில் அழகான ட்ரைகளைவிட இந்த மாதிரிதான் அதிகம். விழுந்தவர் எத்தனை வேகமாக எழுந்தார், வீணாகப் போகக்கூடிய ஓட்டத்தை யார் ஓடினார் என்பவை. பழைய ஃப்ளாங்கரின் கண்.

விதிப்புத்தகம்:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். புகழ்மாலை முடிந்ததா? இப்போது மறுபக்கம்.

2021 லயன்ஸ் தொடர். முதல் டெஸ்டில் 17-22 தோல்வி. அதற்குப் பிறகு நடுவர் நிக் பெர்ரியின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விமர்சிக்கும் 62 நிமிட வீடியோ வெளியானது. பேசியது எராஸ்மஸ். அப்போது அவர் தலைமைப் பயிற்சியாளர்கூட இல்லை. அந்தப் பதவியில் நீனாபர், இவர் ரக்பி இயக்குநர். அதோடு விடாமல் தண்ணீர் பாட்டில் தூக்குபவராக மைதானத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தார்! உலக ரக்பி அமைப்பு இரண்டு மாதம் எல்லா ரக்பி வேலைகளிலிருந்தும் ஒதுக்கி வைத்தது, ஆட்ட நாள் வேலைகளுக்கு 2022 செப்டம்பர் வரை தடை. அந்தத் தடை முடிந்த கையோடு நவம்பரில் ட்விட்டரில் கிண்டல் வீடியோக்கள் போட்டு மறுபடி இரண்டு ஆட்டத் தடை. தலைமைப் பயிற்சியாளரோ இயக்குநரோ தண்ணீர் தூக்கக் கூடாது என்று இப்போது விதியே வந்துவிட்டது. ஒரு மனிதருக்காக விதி எழுத வேண்டியிருக்கிறது என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று யோசியுங்கள்.

நடுவர்கள் கிடைப்பதே அரிதாகிவரும் விளையாட்டு இது. அந்த நடுவரும் அவர் குடும்பமும் பட்ட பாடு விசாரணைத் தீர்ப்பிலேயே இருக்கிறது. "கண்ணில் படாத உழைப்புக்கு மதிப்பு" கொடுப்பவர் நடுவரின் உழைப்புக்குக் கொடுத்த மதிப்பு இதுதானா?

லைன்அவுட் லிங்கம்:

இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்த வீடியோ தவறு, ஆள் யாராக இருந்தாலும் தவறு. தொடரை 2-1 என்று வென்றார்கள், மூன்றாவது டெஸ்டில் மோர்னே ஸ்டெய்ன் 2009-இல் செய்தது போலவே கடைசி பெனால்டியை உதைத்து முடித்தார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கூடவே இந்த வீடியோவும் வந்து நிற்கிறது. அது அவரே தேடிக்கொண்டது.

ஆனால் விளக்கையும் வீடியோவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ப்ளூம்ஃபோன்டைனில் சீட்டாஸ் காலத்திலேயே மைதானக் கூரையிலிருந்து வண்ண விளக்கு காட்டி ஆட்டக்காரர்களுக்குச் சைகை கொடுத்தவர், 2023-இலும் காட்டினார். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? 2025-இல் இத்தாலிக்கு எதிராகத் தொடக்க உதையை வேண்டுமென்றே பத்து மீட்டர் போகாமல் உதைத்து, எதிரணிக்கு ஸ்க்ரம் கொடுத்து ஆட்டத்தை ஆரம்பித்தது சிரிப்பான விஷயம். பந்து அவர்களுக்குப் போனாலும் பரவாயில்லை, எங்களுக்கு ஸ்க்ரம்தான் வேண்டும் என்கிற திமிர்! அதேபோல பிரான்ஸ் காலிறுதியில் வில்லெம்ஸ மார்க் (எதிரணி உதைத்த பந்தைத் தன் பகுதியில் காற்றிலேயே பிடித்து ஆட்டத்தை நிறுத்துவது) பிடித்துவிட்டு உதைக்காமல் ஸ்க்ரம் கேட்டார். விதிப்புத்தகத்தில் எப்போதும் இருந்த உரிமை. உங்கள் பெயரே அதுதானே, உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டுமே!

விதிப்புத்தகம்:

மார்க் ஸ்க்ரம் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். தொடக்க உதை பிடிக்கவில்லை. விதியை வேண்டுமென்றே மீறி அதற்கான தண்டனையை லாபமாக்குவது வேறு ரகம்.

புது ரசிகை:

கோலிசி எப்படி கேப்டன் ஆனார் என்று யாராவது சொல்லுங்களேன். அதில் எராஸ்மஸின் பங்கு எவ்வளவு?

ஓரத்து விங்கர்:

முழுப் பங்கும். 2018 ஜூன், இங்கிலாந்துத் தொடர், எராஸ்மஸின் தொடக்க மாதம். ஸ்ப்ரிங்பாக்ஸ் டெஸ்ட் அணிக்கு முதல் கறுப்பினக் கேப்டன். எல்லிஸ் பார்க்கில் முதல் ஆட்டத்தில் 24-3 என்று பின்தங்கி, 42-39 என்று முடித்தார்கள். முந்தைய இரண்டு வருடம் என்ன நிலைமை தெரியுமா? ஃப்ளோரன்ஸில் இத்தாலியிடம் தோல்வி, டர்பனில் நியூசிலாந்திடம் 57-15, மறுவருடம் ஆல்பனியில் 57-0. அணி உடைந்து கிடந்தது.

கோலிசி போர்ட் எலிசபெத்தின் ஸ்வீடே டவுன்ஷிப்பில் வளர்ந்தவர். எராஸ்மஸின் டெஸ்பாட்ச் அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஒரே மாகாணம், ஒரே வெயில். ஆனால் நிறவெறிச் சட்டம் இருந்த காலத்தில் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல முடியாது. இதை எராஸ்மஸ் மறைத்ததில்லை, இட ஒதுக்கீட்டுக்காக எடுத்தேன் என்று முணுமுணுக்கவும் இல்லை. நன்றாக ஆடுபவர், அணி மதிப்பவர், அவரே கேப்டன். அவ்வளவுதான்.

2019 இறுதியாட்டத்துக்குப் பிறகு அழுத்தம் பற்றி நிருபர்கள் கேட்டபோது எராஸ்மஸ் சொன்ன பதிலின் சாரம்: தென்னாப்பிரிக்காவில் அழுத்தம் என்றால் வேலை இல்லாமல் இருப்பது, நெருங்கிய சொந்தத்தைக் கொலைக்குப் பறிகொடுப்பது. ரக்பி அழுத்தம் தரக்கூடாது, நம்பிக்கைதான் தரவேண்டும். அது வெறும் மேடைப்பேச்சு என்று நினைத்திருந்தால் மப்பிம்பியின் கதையைக் கேளுங்கள். ஜெர்சி எண்ணுக்குள் பொருத்துவதற்காக எல்லோரிடமும் குடும்பப் படங்கள் கேட்டிருக்கிறார்கள். மப்பிம்பி கொடுத்தவை எல்லாம் தன் படங்கள் மட்டும். ஏன் என்று கேட்டதற்கு, குடும்பத்தில் யாரும் உயிரோடு இல்லை என்றார். கோப்பைக்குப் பிறகு இதைச் சொல்லும்போது எராஸ்மஸால் தொடர்ந்து பேச முடியவில்லை.

மேற்குக் கரை:

நான் அயர்லாந்து ரக்பியைத் தொடர்ந்து பார்ப்பவன். மன்ஸ்டர் பகுதியை ஒற்றை வரியில் தாண்டிவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

2016 கோடையில் எராஸ்மஸ் இயக்குநராக வந்தார், கூடவே நீனாபர். தலைமைப் பயிற்சியாளர் ஆன்டனி ஃபோலி, மன்ஸ்டரின் சொந்தப் பிள்ளை. அக்டோபர் 16 அன்று பாரிஸில், ரேசிங் 92 ஆட்டம் நடக்கவிருந்த நாளில், ஓட்டல் அறையில் ஃபோலி இறந்துபோனார். வயது 42. வந்து சில மாதங்களே ஆன வெளிநாட்டுக்காரர் திடீரென்று துக்கத்தில் இருக்கும் ஒரு அணிக்குப் பொறுப்பு. சனிக்கிழமை தாமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவுக்கு எதிரான ஆட்டம். ஃபோலியின் 8-ஆம் எண் ஜெர்சியை அன்றைக்கு யாரும் போடவில்லை. கீத் எர்ல்ஸ் இருபது நிமிடத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பதினான்கு பேரோடு ஆடி 38-17 என்று வென்றார்கள். முடிந்ததும் ஃபோலியின் இரண்டு சின்ன மகன்களும் ஆட்டக்காரர்களின் வட்டத்துக்குள் நின்று பாடினார்கள்.

அந்த சீசனில் மன்ஸ்டர் புரோ12 லீக்கின் இறுதியாட்டம் வரை போனது, ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியும் ஆடியது. இரண்டிலும் நன்றாகவே உதை வாங்கினார்கள், ஸ்கார்லெட்ஸிடம் 46-22. ஆனாலும் அந்த வருடத்தில் அவர் எந்தத் தந்திரமும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். விளக்கு இல்லை, ஏழுக்கு ஒன்று இல்லை. யார் பயிற்சிக்கு வரும் நிலையில் இருக்கிறார், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நடத்தினார். ஒப்பந்தம் முடியும் முன்பே 2017 கடைசியில் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பியதில் அங்கே நிறையப் பேருக்கு மனக்கசப்பு. எனக்கும்தான்.

பழைய பிராப்:

இது எனக்குப் புதுத் தகவல், நன்றி. லிங்கம், உங்கள் கட்சிக்கு இவர்தான் சரியான வக்கீல், நீங்கள் இல்லை :)

சரி, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2023 கோப்பை யாருடையது? காகிதத்தில் நீனாபர்தான் தலைமைப் பயிற்சியாளர். கேமரா எராஸ்மஸ் பக்கமே திரும்பியிருந்தது.

லைன்அவுட் லிங்கம்:

தடுப்பாட்டம் நீனாபருடையது. விங்கர்கள் உள்பக்கமாகப் பாய்ந்து வருவது, பந்து வெளியே போகும் முன் அடைப்பது, எல்லாம் அவர் கைவண்ணம். தேர்வும் பெஞ்சும் ஆட்களைத் தாங்கிப் பிடிப்பதும் எராஸ்மஸ். நீனாபர் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணிக்குப் போனபிறகு எராஸ்மஸ் அதே ஆட்டத்தை ஓட்டவில்லை என்பதைப் பாருங்கள். 2024-இல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பியதும் நியூசிலாந்துக்காரர் டோனி பிரவுனை அழைத்து வந்து தாக்குதலை மாற்றினார். அதற்கான விலையும் கொடுத்தார். 2025 ஆகஸ்டில் எல்லிஸ் பார்க்கில் 22-0 முன்னிலையிலிருந்து ஆஸ்திரேலியாவிடம் 38-22 தோல்வி. இருக்கிற ஆட்களை வைத்து அப்படி எப்படித் தோற்க முடியும் என்று எல்லோரும் கத்தினோம். அடுத்த மாதமே வெலிங்டனில் நியூசிலாந்தை 43-10. 2024, 2025 இரண்டு ரக்பி சாம்பியன்ஷிப்பும் அவர்களுக்கே.

ஓரத்து விங்கர்:

வெலிங்டனை நாம் கொண்டாடலாம், ஆனால் உண்மையான சோதனை 2027 ஆஸ்திரேலியா. எட்செபெத், கோலிசி, டி அயெண்டே மூவரும் 1991-இல் பிறந்தவர்கள். அப்போது 35, 36 வயது. தன்னிடம் விசுவாசமாக உழைத்தவர்களை வெட்டுவதில் எராஸ்மஸுக்குக் கை நடுங்கும் என்பது என் சந்தேகம். 2023-லேயே அது வயசாளிகள் அணி.

பழைய பிராப்:

நடுங்காது. சாஷா ஃபைன்பெர்க்-எம்ங்கொமெசுலுவைப் பார்க்கவில்லையா? 2002-இல் பிறந்த பையன். டர்பனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 37 புள்ளி, பெர்சி மான்ட்கோமரியின் சாதனையை உடைத்தான். இரண்டு உலகக் கோப்பையை உதைத்துக் கொடுத்த போலார்ட் உட்கார்ந்திருக்க, பத்தாம் எண்ணை (ஃப்ளை-ஹாஃப் இடத்தை) அந்தப் பையனிடம் கொடுத்தவர் இவர்தானே?

ஓரத்து விங்கர்:

பேக்குகளை மாற்றுவது சுலபம் அண்ணே. எட்செபெத்தை உட்கார வைக்கட்டும், அப்போது பேசலாம்.

விதிப்புத்தகம்:

உட்கார வைத்தால் என்ன, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே அனுப்பிவிடுவார்.